விளிம்பில் விட்டது

(முன்னாள் மாணவர் சந்திப்பின் முதல் நாள் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வடை பாயசத்தோடு வயிறு நிறைய விருந்து போட்டுவிட்டு, குடலைப் பற்றிப் பேசு என்று என்னை மேடை ஏற்றியிருக்கிறார்கள். இந்த நேரத்தில் தூங்குகிறவர்களை நான் தப்பாக நினைக்க மாட்டேன். இதே ஹாலில், இதே நேரத்தில், பார்மகாலஜி வகுப்பில் நானும் தூங்கியிருக்கிறேன். கண்டுபிடித்து எழுப்பிய அம்மையார் இதோ இருக்கிறார்.

மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது விடுதி நினைவுகள். மெஸ் சாம்பார், கலை விழா, மொட்டை மாடிப் படிப்பு என்று எழுதித் தரச் சொன்னார்கள். அதையெல்லாம் என்னைவிட நன்றாகச் சொல்ல ஆள் இருக்கிறார்கள். நான் வேறு ஒன்று சொல்கிறேன் என்று அனுமதி வாங்கிக் கொண்டேன். என் தொழிலில் நான் செய்த ஒரு தவறு. அதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குக் கிடையாது. இங்கே இருப்பவர்களுக்கு நான் எப்படிப்பட்டவன் என்று முன்பே தெரியும். புதிதாக மானம் போவதற்கு ஒன்றுமில்லை.

மருத்துவர் அல்லாத குடும்பத்தினரும் இருப்பதால் கொஞ்சம் அடிப்படையிலிருந்து வருகிறேன். பெருங்குடலின் உள்பக்கச் சவ்வில் சில பேருக்குச் சதை முளைக்கும். அதற்குப் பாலிப் என்று பெயர். பெரும்பாலானவை சின்ன மொட்டு மாதிரி இருக்கும். வலியும் இல்லை, தொந்தரவும் இல்லை. ஆனால் அடினோமா என்ற வகையைப் பல வருடம் கண்டுகொள்ளாமல் விட்டால், அதில் சில புற்றுநோயாக மாறும். மாறுவதற்கு முன்னால் எடுத்துவிட்டால் அந்தப் புற்றுநோயே வராது. 1969இல் நியூயார்க்கில் ஷின்யா, வுல்ஃப் என்ற இரண்டு டாக்டர்கள் வயிற்றைக் கிழிக்காமல், கொலோனோஸ்கோப் குழாய் வழியாக ஒரு கம்பிச் சுருக்கை உள்ளே அனுப்பி, பாலிப்பின் கழுத்தில் மாட்டி, மின்சாரம் கொடுத்து அறுத்து எடுத்தார்கள். அங்கிருந்துதான் எங்கள் பிழைப்பு ஆரம்பமாகிறது.

1993இல் அமெரிக்காவின் நேஷனல் பாலிப் ஸ்டடி முடிவுகள் வெளிவந்தன. பாலிப் எடுக்கப்பட்ட 1,418 பேரைத் தொடர்ந்து கவனித்ததில், எதிர்பார்த்த புற்றுநோயில் 76 முதல் 90 சதவீதம் வரை வரவே இல்லை. அப்போது நான் முதுகலை மாணவன். லைப்ரரியில் அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு, இதுதான் இனி என் வழி என்று முடிவு கட்டிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் படித்தபோது ஒரு வரியைத் தாண்டிப் போய்விட்டேன். அடிப்பாகம் 3 சென்டிமீட்டருக்கு மேல் பரந்த, காம்பில்லாத பாலிப் உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. அந்த நல்ல சேதி முழுவதும் சின்னவற்றுக்கும் நடுத்தரமானவற்றுக்கும் சொன்ன சேதி. பெரிசு வேறு ஜாதி.

பெரிசு என்று நாங்கள் சொல்வது 2 சென்டிமீட்டரும் அதற்கு மேலும். அவற்றில் பல, மொட்டு மாதிரி நிற்காது. தரையில் விரித்த பாய் மாதிரி, சவ்வோடு சவ்வாகப் படர்ந்து கிடக்கும். கழுத்து இருந்தால்தானே சுருக்கு மாட்ட? அதற்கு ஒரு உபாயம் உண்டு. சவ்வுக்கு அடியில் ஊசி போட்டு, நீலச் சாயம் கலந்த உப்புநீரைச் செலுத்துவோம். எண்ணெயில் விழுந்த பூரி மாதிரி அந்த இடம் உப்பி எழும்பும். தசைக்கும் பாலிப்புக்கும் நடுவில் ஒரு தண்ணீர் மெத்தை. அதற்கு மேலே சுருக்கைப் போட்டு அறுக்கலாம். குடலில் ஓட்டை விழும் பயம் குறையும். வலப்பக்கப் பெருங்குடலின் சுவர் சில மில்லிமீட்டர் கனம்தான் என்பதை நினைவில் வைத்துக் கொண்டால், அந்தத் தண்ணீர் மெத்தையின் அருமை புரியும்.

ஒரே வீச்சில் முழுப் பாயையும் எடுக்க முடியாது. துண்டு துண்டாகத்தான் வரும். எட்டு, பத்து, பன்னிரண்டு துண்டு. சிக்கல் அங்கேதான்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

2013 தை மாதம். எங்கள் ஊரிலிருந்து 60 கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்தில் மாவு மில் வைத்திருந்த ஒருவர் வந்தார். வயது 58. மலத்தில் ரத்தம். மூலம் என்று இரண்டு வருடம் களிம்பு போட்டிருக்கிறார். கொலோனோஸ்கோப்பி செய்தால், வலப்பக்கம் ஏறு குடலில் நாலரை சென்டிமீட்டர் அளவுக்குப் படர்ந்த பாலிப். அந்த நாளில் எங்கள் பக்கத்தில் இதற்கு நேராக அறுவை சிகிச்சைதான். வலப்பக்கக் குடலையே வெட்டி எடுத்துவிடுவார்கள். நான் எண்டோஸ்கோப்பியிலேயே எடுக்கிறேன் என்று சொன்னேன். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பதினொரு துண்டு. நடுவில் கொஞ்சம் ரத்தம் கசிந்தது, நிறுத்தினேன். முடித்துப் பார்த்தபோது நீல நிறத் தரை துடைத்து வைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

பெருமையாக இருந்தது ஐயா. பொய் சொல்லவில்லை. அந்தப் படங்களை ஒரு கருத்தரங்கில் போட்டுக் காட்டிக் கைதட்டல் வாங்கினேன்.

மறுநாள் காலை அவர் படுக்கைக்குப் போய், "எல்லாம் எடுத்தாச்சு அண்ணே, இனிக் கவலையே வேண்டாம்" என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசி வரியில், ஆறு மாதத்தில் மறுபடியும் கொலோனோஸ்கோப்பி செய்ய வேண்டும் என்று இங்கிலீஷில் அச்சாகியிருந்தது. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் வாயால் சொன்னது கவலை வேண்டாம் என்பதுதான். பயாப்சி முடிவு பத்து நாள் கழித்து வந்தது. புற்றுநோய் இல்லை, ஆனால் ஒரு துண்டில் செல்களின் மாற்றம் முற்றிய நிலையில் இருந்தது. அதை அவரைக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. ஃபைலில் போட்டு வைத்தோம்.

அவர் வரவில்லை. நாங்களும் தேடவில்லை. 2016 ஆடியில் அவருடைய மகன் அழைத்து வந்தான். ஹீமோகுளோபின் 7. மில்லில் மூட்டை தூக்கினால் மூச்சு வாங்குகிறது என்றார். குழாயை விட்டுப் பார்த்தேன். நான் எடுத்த அதே இடம். தழும்பின் ஒரு ஓரத்திலிருந்து கிளம்பி, பாதிக் குடலை அடைத்துக் கொண்டு, தொட்டால் ரத்தம் வடியும் கட்டி. பயாப்சிக்கு அனுப்பும் முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

வெளியே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கோபப்படவில்லை. ரொம்ப நிதானமாக, "நீங்கதானே சார் எல்லாம் எடுத்தாச்சுன்னு சொன்னீங்க" என்றார். கேள்வியாகக்கூட இல்லை, சும்மா ஞாபகப்படுத்துவது போல. அறுவை சிகிச்சையும் கீமோதெரபியும் நடந்தன. கல்லீரலுக்குப் பரவி 2018இல் இறந்து போனார்.

இதில் எது தவறு என்று எனக்குள் பல நாள் வழக்கு நடந்தது. கத்தி பிடித்த கை தவறியதா, சொன்ன வாய் தவறியதா? இரண்டும்தான். முதலில் கையைப் பற்றிப் பேசுகிறேன்.

எடுத்த இடத்திலேயே பாலிப் திரும்ப வந்தால், "மறுபடி வளர்ந்துடுச்சு" என்று நாம் சொல்கிறோம். ஏதோ விதி மாதிரி. நோயாளிகள் வேர் உள்ளே நின்றுவிட்டது என்பார்கள். வேரெல்லாம் கிடையாது. எங்கள் தாத்தா வயலில் அருகம்புல்லை எடுத்து முடித்த பிறகு நடு வயலைப் பார்க்க மாட்டார். வரப்போரமாக நடந்து கொண்டே இருப்பார். அருகு அங்கேயிருந்துதான் உள்ளே இறங்கும். இங்கேயும் விஷயம் அதுதான். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிகிற விளிம்பில், கேமராவுக்கும் அகப்படாத சில சுரப்பிகள் மிச்சம் இருக்கும். ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவில் மணல் திட்டு மாதிரி ஒரு துளி நிற்கும். ஆறு மாதத்தில் அது தலை காட்டும். திரும்ப வந்தது என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு நாம் விட்டுவிட்டு வந்ததுதான்.

எத்தனை பேருக்கு இப்படி ஆகிறது? ஆஸ்திரேலியாவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து, பெரிய பாலிப்புகளைத் துண்டு துண்டாக எடுத்தவர்களை வரிசையாகக் கவனித்தார்கள். 2015இல் வந்த அவர்களுடைய அறிக்கையில், முதல் மறுபரிசோதனைக்கு வந்த சுமார் 800 பேரில் 16 சதவீதம் பேருக்கு அதே இடத்தில் மிச்சம் இருந்தது. கைதேர்ந்தவர்கள் எடுத்தும் ஆறில் ஒருவர். ஆனால் அந்த அறிக்கையிலேயே ஆறுதலும் இருக்கிறது. அந்த மிச்சங்களில் பெரும்பாலானவை சில மில்லிமீட்டர் அளவுப் பொட்டுகள். 100க்கு 93ஐ எண்டோஸ்கோப்பியிலேயே எடுத்துத் தீர்த்துவிட்டார்கள். மாவு மில்காரர் ஆறாம் மாதம் வந்திருந்தால் அநேகமாக அவரும் அந்தக் கணக்கில் சேர்ந்திருப்பார். இந்த எண்ணத்தை என்னால் இன்றுவரை தள்ள முடியவில்லை.

பாலிப் 4 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால், எடுக்கும்போதே ரத்தம் கசிந்தால், செல் மாற்றம் முற்றியிருந்தால் மிச்சத்துக்கு வாய்ப்பு அதிகம் என்று அதே நாட்டுக்காரர்கள் 2017இல் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். என் நோயாளிக்கு மூன்றும் இருந்தது.

சரி, கண்ணுக்குத் தெரியாததை எப்படி எடுப்பது? முதலில் தோன்றிய யோசனை, சுற்றிலும் நல்ல சவ்வையும் சேர்த்து அகலமாக வெட்டிவிடலாம் என்பது. சர்ஜன்கள் அப்படித்தானே செய்கிறார்கள்! அதையும் செய்து பார்த்தார்கள். 2016இல் முடிவு வந்தது. பெரிய வித்தியாசம் இல்லை.

இன்னொரு யோசனை, எடுத்து முடித்த பிறகு விளிம்பைச் சுட்டுவிடுவது. 2002இலேயே லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையில் ஒரு சிறிய ஆய்வு நடந்தது. 21 பேர். ஆர்கான் வாயு வழியாக மின்சாரம் பாய்ச்சி விளிம்பைச் சுட்ட 10 பேரில் ஒருவருக்குத்தான் மிச்சம் இருந்தது. சுடாமல் விட்ட 11 பேரில் 7 பேருக்கு இருந்தது. அந்தக் கட்டுரையை நான் படித்திருந்தேன். 21 பேரை வைத்து என்ன முடிவுக்கு வருவது என்று புரட்டிவிட்டுப் போய்விட்டேன். 2013 தை மாதத்தில் அந்த ஆர்கான் மெஷின் எங்கள் எண்டோஸ்கோப்பி அறையின் மூலையில்தான் நின்று கொண்டிருந்தது. ரத்தக் கசிவை நிறுத்த மட்டும் அதை இழுத்து வருவோம்.

2019இல்தான் பெரிய பரிசோதனையின் முடிவு வந்தது. சிட்னி வெஸ்ட்மீட் மருத்துவமனையின் மைக்கேல் போர்க் குழுவினர் முன்னின்று, ஆஸ்திரேலியாவில் 4 மருத்துவமனைகளில் 390 நோயாளிகளை வைத்துச் செய்தது. எல்லோருக்கும் பாலிப்பை முழுக்க எடுத்தாயிற்று. அதற்குப் பிறகு சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி பிரித்து, ஒரு பாதிக்கு விளிம்பைச் சுட்டார்கள், மறுபாதிக்குச் சுடவில்லை. இதற்கு ஆர்கான்கூட வேண்டாம். பாலிப்பை அறுத்த அதே சுருக்குக் கம்பியை உள்ளே இழுத்து, நுனியை மட்டும் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு வெளியே நீட்டி, சாஃப்ட் கோயாகுலேஷன் என்ற மிதமான மின்சாரத்தில் விளிம்பு முழுவதும் தொட்டுக் கொண்டே வருவது. அவ்வளவுதான். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், சுடாதவர்களில் 21 சதவீதம் பேருக்கு மிச்சம், சுட்டவர்களில் 5.2 சதவீதம். நாலில் ஒரு பங்கு! ஓட்டை விழுவதோ ரத்தக் கசிவோ இதனால் கூடவில்லை. 2021இல் அதே நுட்பத்தை அன்றாட சிகிச்சையில் கையாண்டு பார்த்த அறிக்கை வந்தது. விளிம்பு முழுவதையும் சுட முடிந்தவர்களில் திரும்ப வந்தது 100க்கு இரண்டுக்கும் குறைவு.

செலவு? கையிலிருக்கும் அதே கம்பிதான். புதிதாக ஒரு ரூபாய்கூட இல்லை. மின்சாரக் கருவியில் அந்த மோடு இருந்தால் போதும். நேரம் சில நிமிடங்கள்.

இளம் எண்டோஸ்கோப்பி டாக்டர்களுக்காகச் சில நுணுக்கங்கள். மற்றவர்கள் இரண்டு நிமிடம் கண்ணயரலாம். 80 வாட், எஃபெக்ட் 4 என்பது அவர்கள் வைத்த அளவு. விளிம்பு வெள்ளையாகி, 2, 3 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு வளையம் தெரிய வேண்டும். கோலத்தின் பார்டர் மாதிரி எங்கேயும் அறுந்து போகாமல். மடிப்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் விளிம்பைத்தான் எல்லோரும் தவற விடுகிறோம். அங்கே குழாயைத் திருப்பிப் பார்க்கச் சோம்பல்படக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, கண்ணுக்குத் தெரிகிற பாலிப்பைச் சுட்டு மறைக்காதீர்கள். தெரிகிற துளி ஒவ்வொன்றையும் சுருக்கிலோ, அது முடியாவிட்டால் ஃபோர்செப்ஸில் பிய்த்தோ எடுத்தே ஆக வேண்டும். சுடுவது தெரியாததற்குத்தான். மேலே கருகிப் போய், அடியில் உயிரோடு இருந்தால் இன்னும் மோசம்.

இவ்வளவு சொல்கிறேனே, இதுதான் கடைசி வார்த்தையா என்றால் இல்லை. ஜப்பான்காரர்கள் பாலிப்பைத் துண்டு போடாமல், சவ்வுக்கு அடியில் கத்தியை ஓட்டி, ஒரே தகடாக உரித்து எடுக்கும் வித்தையைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். பிரான்சில் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு 2024இல் வெளியிட்டார்கள். ஆறாம் மாதம் பார்த்ததில், உரித்து எடுத்தவர்களில் திரும்ப வந்தது 0.6 சதவீதம், துண்டு துண்டாக எடுத்தவர்களில் 5.1 சதவீதம். ஆனால் அதற்குக் கை பழக வருடங்கள் ஆகும், நேரமும் அதிகம். எதிர்த் திசையிலும் ஒரு காற்று அடிக்கிறது. மின்சாரமே வேண்டாம், குளிர்ந்த கம்பியாலேயே வெட்டி எடுத்துவிடலாம் என்பது. சிக்கல்கள் நிஜமாகவே குறைகின்றன. ஜெர்மனியில் 2024இல் வந்த ஆய்வில் பெரிய சிக்கல்கள் 8 சதவீத அளவிலிருந்து 1 சதவீதத்துக்கு இறங்கின. ஆனால் மிச்சம் 14லிருந்து 24 சதவீதத்துக்கு ஏறிவிட்டது. எந்தப் பாலிப்புக்கு எது என்று பார்த்துத்தான் செய்ய வேண்டும். ஓட்டை விழுந்தால் ஆபத்து என்கிற வயதான, பலவீனமான நோயாளிக்கு நானே குளிர்ந்த கம்பியைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். ஆனால் அவரை ஆறாம் மாதம் கண்டிப்பாகப் பார்த்தேன்.

பொது மருத்துவம் செய்யும் நண்பர்களுக்கும், சின்ன ஊர்களில் கொலோனோஸ்கோப்பி செய்யும் நம் கல்லூரித் தம்பி தங்கைகளுக்கும் உரிமையோடு ஒன்று சொல்கிறேன். பெரிய, பாய் மாதிரிப் படர்ந்த பாலிப்பைப் பார்த்தால், படம் எடுங்கள், அனுப்புங்கள். பாதி எடுத்துப் பார்ப்போமே என்று கை வைக்காதீர்கள். பத்து இடத்தில் பயாப்சி எடுக்காதீர்கள். அடையாளத்துக்குக் கறுப்பு மை குத்துவதாக இருந்தால் பாலிப்புக்கு அடியில் குத்தாதீர்கள். 3 சென்டிமீட்டராவது கீழே தள்ளிக் குத்துங்கள். இவையெல்லாம் அடியில் தழும்பை உண்டாக்கிவிடும். அப்புறம் நாங்கள் எவ்வளவு உப்புநீர் செலுத்தினாலும் பூரி உப்பாது. உப்பாத இடத்தில் அறுத்தால் மிச்சம் நிச்சயம். நல்லெண்ணத்தில் குத்திய மையோடு போராடியே என் பல மதியங்கள் போயிருக்கின்றன. யார் குத்தியது என்று சொல்ல மாட்டேன். சிரிக்கிறவர்களுக்குத் தெரியும்.

இப்போது வாய் செய்த தவறுக்கு வருகிறேன்.

இன்று நான் யாரிடமும் எல்லாம் எடுத்தாச்சு என்று சொல்வதில்லை. "கண்ணுக்குத் தெரிஞ்சதை எடுத்தாச்சு, தெரியாததைச் சுட்டிருக்கேன், அது போச்சான்னு ஆறு மாசத்துல பார்க்கணும். அப்பத்தான் வேலை முடியும்" என்கிறேன். கேட்கச் சுகமாக இருக்காதுதான். முகம் கொஞ்சம் வாடும். வாடட்டும். இந்த முதல் பரிசோதனைக்குப் பிறகு ஒரு வருடத்தில் ஒன்று, அதன் பிறகு மூன்று வருடத்தில் ஒன்று என்று போகும். முதல் தடவை சுத்தமாக இருந்தவர்களிலும் சிலருக்குப் பின்னால் தலை காட்டுவது உண்டு. அதே 2015 அறிக்கையில் அது 4 சதவீதம்.

டிஸ்சார்ஜ் சம்மரியோடு இப்போது தனியாக ஒரு அட்டை கொடுக்கிறோம். தமிழில். "ஆறு மாதம்" என்று போட்டால் யாரும் எண்ணிக் கொண்டிருக்க மாட்டார்கள். அதனால் "ஆடிப் பெருக்கு முடிந்த வாரம்", "தீபாவளிக்கு முன்னால்" என்று எழுதுகிறோம். இந்த யோசனை என்னுடையது இல்லை. எங்கள் எண்டோஸ்கோப்பி அறை சிஸ்டர் சொன்னது. நோயாளி நம்பர் மட்டும் போதாது, மகன் அல்லது மகள் நம்பரும் வேண்டும் என்று வாங்கி, ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். மாதம் முதல் தேதி அந்த நோட்டைத் திறந்து போன் போடுவார். கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம் என்று என் ஜூனியர்கள் சொன்னார்கள், ஏற்றியும் விட்டார்கள். ஆனால் ஆளை வரவழைப்பது இன்னமும் அந்த நோட்டுத்தான். நம் நாட்டில் பெருங்குடல் புற்றுநோய்க்கென்று எல்லோரையும் கூப்பிட்டுப் பரிசோதிக்கும் தேசியத் திட்டம் கிடையாது. மேல்நாட்டில் அரசாங்கம் கடிதம் போட்டு அழைக்கும். இங்கே சிஸ்டர்தான் அரசாங்கம்.

அழைத்தாலும் வரத் தயங்குவார்கள். பயம் கொலோனோஸ்கோப்பிக்கு இல்லை. அந்த இரண்டு லிட்டர் பேதி மருந்துக்குத்தான். அதில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் குடல் சுத்தமாக இல்லாவிட்டால் தழும்பையே கண்டுபிடிக்க முடியாது. கீரை, கொய்யா, தக்காளி விதை எல்லாம் இரண்டு நாள் முன்னாலேயே நிறுத்தச் சொல்கிறோம். ஒரு தக்காளி விதை தழும்பின் மேல் ஒட்டிக் கொண்டு என்னைக் கால் மணி நேரம் அலைக்கழித்திருக்கிறது. நல்ல தழும்பு வெளிறிப் போய், மடிப்புகள் ஒரு புள்ளியில் வந்து கூடும் நட்சத்திரம் மாதிரி இருக்கும். முதலில் சாதா வெளிச்சத்தில், பிறகு நீலப் பச்சை வெளிச்சத்தில் ஓரம் ஓரமாகப் பார்க்க வேண்டும். கிளிப் போட்ட இடத்தில் சும்மா ஒரு மேடு நிற்கும். அதைப் பார்த்துப் பதறக் கூடாது. சந்தேகம் இருந்தால் கிள்ளி அனுப்பினால் போகிறது.

நோயாளிகள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "திரும்ப வராம இருக்க என்ன சாப்பிடணும் சார்?" இதற்கு நேர்மையாகப் பதில் சொல்லக் கொஞ்சம் பொறுமை வேண்டும். எடுத்த இடத்தில் மிச்சம் இருப்பது ஒன்று. குடலின் வேறு இடத்தில் புதிதாக முளைப்பது வேறொன்று. இரண்டையும் ஒரே வார்த்தையில் சொல்லிக் குழப்பிக் கொள்கிறோம். முன்னதற்குச் சாப்பாட்டோடு சம்பந்தமில்லை. அது என் கையோடு சம்பந்தப்பட்டது. புதிதாக முளைப்பதற்கும் நாம் நினைப்பது போல நார்ச்சத்து வேலி போடவில்லை. அமெரிக்காவில் சுமார் 1,900 பேரை நான்கு வருடம் கவனித்து 2000இல் வெளியிட்டார்கள். கொழுப்பைக் குறைத்து, நார்ச்சத்தும் காய்கனியும் கூட்டிச் சாப்பிட்டவர்களுக்கும் வழக்கம்போல் சாப்பிட்டவர்களுக்கும் ஒரே மாதிரி, 100க்கு ஏறக்குறைய 40 பேருக்குப் புதிய அடினோமா வந்தது. நான் நார்ச்சத்துக்கு எதிரி இல்லை. சர்க்கரைக்கும் இதயத்துக்கும் அது நல்லது. சிறு அளவு ஆஸ்பிரின் ஓரளவு குறைக்கிறது என்று 2003இல் நிரூபித்தார்கள். ஆனால் அதற்கு ரத்தக் கசிவு என்கிற விலை உண்டு. நீங்களாக வாங்கிப் போட்டுக் கொள்ளாதீர்கள். புகையிலையையும் குடியையும் விடச் சொல்கிறேன், எடையைக் குறைக்கச் சொல்கிறேன். ஆனால் கீரை சாப்பிடுகிறேன், அதனால் செக்கப்புக்கு வரவில்லை என்று யாராவது சொன்னால் எனக்கு மாவு மில் ஞாபகம் வந்துவிடுகிறது.

அவருடைய மகனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அப்பா போன மறுவருடம், நாற்பது வயதில், அவனை வரச் சொல்லி நானே போன் செய்தேன். எடுப்பானோ மாட்டானோ என்று இருந்தது. வந்தான். அவனுக்கும் இடப்பக்கம் ஒரு பாலிப் இருந்தது. ஒன்றேகால் சென்டிமீட்டர், காம்போடு, ஒரே சுருக்கில் வந்துவிட்டது. அதற்கு விளிம்பும் இல்லை, சுடவும் வேண்டியதில்லை. மூன்று வருடம் கழித்து வா என்றேன். அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது அப்பாவுக்குக் கொடுக்கலியே சார்" என்றான்.

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

மூன்று வருடம் கழித்துச் சரியாக வந்தான். குடல் சுத்தமாக இருந்தது. மில்லில் அரைத்த மிளகாய்த் தூள் ஒரு பை கொண்டு வந்து சிஸ்டரிடம் கொடுத்துவிட்டுப் போனான். எனக்குக் கொடுக்கவில்லை. அது சரிதான் என்று எனக்குத் தோன்றியது.

இன்றைய மாணவர்களுக்கு ஒரு அழைப்பு. செவ்வாய்க்கிழமை காலைகளில் பெரிய பாலிப்புகளை எடுக்கிறோம். எட்டு மணிக்கு ஆரம்பம். பார்க்க விரும்புகிறவர்கள் முந்தின நாள் சிஸ்டரிடம் சொல்லிவிட்டு வரலாம். எடுப்பதை மட்டும் பார்த்துவிட்டுப் போக விடமாட்டேன். ஆறு மாதம் முன்னால் எடுத்த ஒருவரின் தழும்பையும் பார்த்துவிட்டுத்தான் காண்டீனுக்குப் போகலாம். டீ என் செலவு.